படித்தவன் தட்டாத கதவு

எல்லா மதங்களையும் புரிந்துகொள்ள வேண்டுமென்று புத்தகம் புத்தகமாகப் படிப்பவன் நான். சித்தூரில் எங்கள் சர்ச்சில் எனக்கு 'நடமாடும் நூலகம்' என்று பெயர், வைத்துக்கொண்டவனும் நானே.

பக்கத்து வீட்டு நண்பர் கரீம் இறந்தார். கணவனை இழந்த பெண் சில மாதங்கள் 'இத்தா' இருப்பார், அந்நிய ஆண்களைப் பார்க்க மாட்டார் என்று படித்திருந்தேன். அடக்கத்துக்குப் போனதோடு சரி. மரியாதைக்காக அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

இத்தா முடிந்ததும் கரீமின் மனைவி வீட்டைக் காலிசெய்து, திருப்பதியிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டார். ஆட்டோ அருகே போய், "உங்க முறைப்படிதாம்மா ஒதுங்கி இருந்தேன்" என்றேன், பெருமையாக.

"மத்தவங்கல்லாம் திரைக்கு அந்தாண்ட நின்னு பேசிட்டுப் போனாங்கண்ணா. நீங்க வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். அவரப் பத்திப் பேச உங்கள வுட்டா எனக்கு யாரு?"

ஆட்டோ போய்விட்டது.

இப்போது அந்தக் கதவைத் தட்ட எந்த மதத்திலும் தடையில்லை. திறக்கத்தான் ஆளில்லை.