புத்தம்புதுப் பழசு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு ‘நஷ்டம் சார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை எரிந்தால், லாரி கவிழ்ந்தால், கிடங்கில் வெள்ளம் புகுந்தால் சம்பந்தப்பட்டவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு இவரைக் கூப்பிடுவார்கள், இவர் வந்துபோன பின் மறுபடியும் அழுவார்கள். எரிந்த கட்டையை முகர்ந்து பார்த்தே, அது தானாக எரிந்ததா, யாராவது கேட்டுக்கொண்டதன் பேரில் எரிந்ததா என்று சொல்லிவிடுவார்.

ஓய்வு பெறும்போது மேசை, நாற்காலி, அலுவலகச் சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்தார். மூக்கை ஒப்படைக்க முடியவில்லை. அது வீட்டுக்கு வந்துவிட்டது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர், டாக்டர் சிரித்தால் ஆபரேஷன், மேல் வீட்டுக்காரர் சிரித்தால் குடியிருப்போர் சங்கத் தேர்தல்.

மனைவியைச் சந்தித்ததே ஒரு தீவிபத்தில்தான். அந்த அம்மாளின் அப்பா வைத்திருந்த தையல் கடை எரிந்தபோது ஆய்வுக்குப் போனவர், மகளையும் விட்டுவைக்காமல் விசாரித்தார். தீப்பிடித்தபோது எங்கே நின்றீர்கள், புகை என்ன நிறம், இஸ்திரிப் பெட்டியைக் கடைசியாகத் தொட்டது யார். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன பெண், கடைசியில் தானும் ஒன்று கேட்டாள்.

“உங்களுக்கு எதையாவது பார்த்தா நம்பணும்னு தோணவே தோணாதா?”

அவர் யோசித்துவிட்டு, “இப்பதான் மொதல் தடவையா லேசா தோணுது” என்றார். வாழ்நாளில் அவர் பேசிய ஒரே காதல் வசனம் அது. அதை வைத்துக்கொண்டே அந்த அம்மாள் இத்தனை காலம் குடும்பம் நடத்திவிட்டார்.

நாளெல்லாம் நாசத்தையே பார்த்துவிட்டு வருகிறவர் வீட்டை எப்படி வைத்திருப்பார்? சோபாவுக்கு உறை, உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் பிளாஸ்டிக் உறை. சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடையாது. காலண்டர் கதவுக் கைப்பிடியில் தொங்கும், கதவைத் திறக்கும்போதெல்லாம் மாதம் மாறும். மகள் சின்ன வயதில் சுவரில் யானை வரைய ஆரம்பித்து, தும்பிக்கை முடிவதற்குள் பிடிபட்டாள். அன்று சாயங்காலமே அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போன பிறகும் வீடு அப்படியே இருந்தது. யாரும் குடிவராத வீடு போலப் பளபளவென்று.

அந்த வீட்டில்தான் ஒரு காலை வேளையில் வீட்டம்மா தேநீரை வைத்துவிட்டு, “வீட்டைக் கொஞ்சம் மாத்தலாம்னு இருக்கேன்” என்றார்.

நஷ்டம் சார் பேப்பரை இறக்கினார். ‘மாத்தலாமா’ என்று கேட்டிருந்தால் வேறு விஷயம். ‘மாத்தலாம்’ என்றால் யாரோ ஏற்கெனவே ‘சரி’ சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ பத்து நிமிடத்தில் அழைப்பு மணியை அடித்தான். மச்சினன்.

மச்சினன் முன்பு மீன் தொட்டி விற்றவன். மீன்கள் ஒத்துழைக்காததால் தண்ணீர் வடிகட்டிக்கு மாறினான். இப்போது வீட்டு அலங்கார நிபுணர் என்று கார்டு அடித்திருந்தான்.

“அக்கா கன்ட்ரி ஸ்டைல் கேக்கறாங்க, மாமா.”

“எந்தக் கன்ட்ரி?”

“எந்தக் கன்ட்ரியும் இல்ல மாமா. நாட்டுப்புறம். மரம், செங்கல், மண் ஜாடி. பாத்தா நூறு வருஷமா குடும்பம் நடத்தின வீடு மாதிரி இருக்கணும்.”

“நாம இருக்கறது மூணாவது மாடிப்பா. நாட்டுப்புறம் லிஃப்ட்லயா வரும்?”

வந்தது. மறுநாளே ஒரு மேசை லிஃப்டில் வந்து இறங்கியது. நல்ல புது மரம், வார்னிஷ் வாசனை. நஷ்டம் சாருக்கே மனசு கொஞ்சம் இளகியது. குளித்துவிட்டு வந்து பார்த்தால், பால்கனியில் கார்பெண்டர் அந்த மேசையைச் சைக்கிள் சங்கிலியால் விளாசிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அது என்ன தப்பு பண்ணிச்சு?”

“பழசாக்கறேன் சார்” என்றார் கார்பெண்டர், மூச்சு வாங்க. “அடுத்தது வண்டு அரிச்ச மாதிரி ஓட்டை போடணும்.” டிரில்லை எடுத்து வரிசையாக ஓட்டை போட்டார், சட்டைக்குப் பித்தான் வைத்ததுபோல.

அங்கேதான் நஷ்டம் சார் சறுக்கினார். போலியைக் கண்டால் அவருக்கு ஆத்திரம் வரும். மோசமான போலியைக் கண்டால் தாங்கவே தாங்காது. “வண்டு என்ன ஸ்கேல் வெச்சா அளந்து கடிக்கும்? அது கால் ஓரத்துல ஆரம்பிக்கும். இங்க ரெண்டு, அங்க ஒண்ணு. கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் மச்சினன் ஹால் மூலையில், காரை பெயர்ந்து செங்கல் தெரிவதுபோல் பெயின்ட் அடித்தபோதும், “காரை நட்சத்திர வடிவத்துலயா விழும்?” என்று திருத்தியவர் அவர்தான். பொய்யைப் பிடிப்பதிலேயே ஆயுளைக் கழித்தவர், பொய்க்கு வாத்தியாராக இருந்துகொண்டிருந்தார்.

ஆனால் சந்தேகம் அதன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. நல்ல பொருளை எதற்காக ஒருத்தி அடிக்கச் சொல்லி வாங்குகிறாள்? அவருடைய அனுபவத்தில் ஒருவர் வீட்டுக்குத் திடீரென்று ஜோடனை செய்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, இன்ஷூரன்ஸ். இன்னொன்று, விற்பனை. இன்ஷூரன்ஸ் பத்திரம் அவர் கையில் இருந்தது. ஆக, விற்பனை.

தடயங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. வீட்டம்மா போனில் குசுகுசுவென்று, “அவர் காதுல இப்ப போட வேணாம்டா. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்” என்றார். இவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு தக்காளி விலைக்குத் தாவியது. பிறகு மச்சினன் ஓர் இளம் தம்பதியை அழைத்துவந்தான். அந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்தான். அந்தப் பெண், “இங்க வெயில் எந்தப் பக்கம் வரும்?” என்று கேட்டாள்.

“என் பிரெண்ட்ஸ் மாமா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்க.”

“சும்மா வர்றவங்க கையில எதுக்குப்பா டேப்பு?”

மச்சினன் மீன் தொட்டிக் காலத்துச் சிரிப்பு ஒன்றைச் சிரித்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. வீடு மனைவி பேரில் இருந்தது. ஆய்வுக்குப் போன இடத்தில் எவனாவது தன் மேல் வழக்குப் போட்டால் வீடாவது தப்பட்டும் என்று, அவரே யோசித்து அப்படிப் பதிவு செய்திருந்தார். உலகத்தில் உள்ள எல்லோரிடமிருந்தும் வீட்டைக் காப்பாற்றியாயிற்று, வீட்டுக்காரியைத் தவிர. விற்றுவிட்டால் எங்கே போவது? மகள் வீட்டில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம் இருக்கும். அவர் கண்ணுக்கு எட்டியவரை ஒரு நஷ்டமும் நடக்காத ஒரே இடம் இந்த வீடுதான். இதைவிட்டு இறங்கினால் மிச்சமெல்லாம் விபத்துப் பகுதி.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவார் என்பது தொழில் பாடம். ஆகவே அவர் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

அப்படித் திறந்துவைத்த கண்ணில்தான் சமையலறைச் சுவர் பட்டது. அலமாரிக்குப் பக்கத்தில், காரை லேசாக உப்பி, ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, வரைபடம் மாதிரி ஒரு கறை. நஷ்டம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த மஞ்சள், நடுவில் வெளுத்து ஓரத்தில் அடர்ந்திருந்தது. மச்சினன் பயல் தேறிவிட்டான் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று மச்சினன் வந்ததும், “சமையலறைச் சுவர்ல பண்ணியிருக்கியே, அதுதான் வேலை” என்றார்.

மச்சினன் சமையலறைச் சுவரில் எதுவும் செய்யவில்லை. எட்டிப் பார்த்தான், கறை இருந்தது. அக்காவின் கல்யாணத்திலிருந்து இன்றுவரை மாமா வாயிலிருந்து அவனுக்கு ஒரு பாராட்டு வந்ததில்லை. வந்ததை யாராவது திருப்பி அனுப்புவார்களா?

“அது கொஞ்சம் கஷ்டப்பட்டேன் மாமா” என்றான்.

“அந்த மஞ்சள் எப்படி வந்துது?”

“டீத்தூள்.”

“பொய் சொல்ற. தொழில் ரகசியம், சொல்ல வேணாம்.”

மச்சினன் அதைக் கார்பெண்டரின் கைங்கரியம் என்று எண்ணிக்கொண்டான். வீட்டம்மாவோ, தன் வீட்டுக்காரருக்கு இந்த வீட்டில் ஒன்றாவது பிடித்ததே என்று அந்தப் பக்கமே துடைப்பத்தைக் கொண்டுபோகவில்லை. கறை எல்லோருடைய ஆசியோடும் வளர்ந்தது. தினமும் காலையில் நஷ்டம் சார் போய்ப் பார்த்துவிட்டு, “இன்னிக்கும் கொஞ்சம் சேர்த்திருக்கான்” என்று திரும்புவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு டீச்சர் கையில் வாளியோடு வந்து நின்றார். “சார், எங்க சமையல்கட்டுல மேலேருந்து தண்ணி சொட்டுது. அதுவும் உங்க கன்ட்ரி ஸ்டைலா?”

நஷ்டம் சார் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சுவரில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது. பொய்யை நிஜம் என்று யாரும் அவரை நம்பவைத்தது கிடையாது. நிஜத்தைப் பொய் என்று நம்ப அவருக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை.

பிளம்பர் வந்து சுவரை உடைத்தார். குழாய் தெரிந்தது. தரையெல்லாம் சிமென்ட் கட்டி. மச்சினன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். நஷ்டம் சாருக்கு இத்தனை நாள் அடக்கியது அத்தனையும் வாய்க்கு வந்தது.

“சரி, இந்த லட்சணத்துல இனிமே யார் வாங்குவாங்க?”

“எதை?” என்றார் வீட்டம்மா.

“வீட்டை. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? டேப்போட வந்தாங்களே ரெண்டு பேர்.”

“அவங்க இவன்கிட்ட வேலை குடுக்க வந்தவங்க. நம்ம வீட்டை மாதிரிக்குக் காட்டிக்கறேன், எனக்குக் கூலி வேணாம்னான். உங்ககிட்ட சொன்னா, வர்றவன் பூர்வீகம் வரைக்கும் விசாரிப்பீங்க. அதான் சொல்லலை.”

“அப்ப விக்கற யோசனையே இல்ல?”

வீட்டம்மா காலடியில் கிடந்த சிமென்ட் கட்டியை ஓரமாகத் தள்ளினார். “இருந்துது. பொய் சொல்ல மாட்டேன். போன வருஷம் பொண்ணு வீட்டுக்குப் போனேனே, அங்க சுவர் பூரா பேரன் கிறுக்கல். திரும்பி வந்து நம்ம கதவைத் திறந்தா, யாரோ காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருந்துதுங்க. இங்க ஒரு பொண்ணைப் பெத்து வளர்த்தோம்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். நீங்கதான் ஒண்ணையும் விழ விடலையே. அதான் கடையில சொல்லி வாங்கினேன்.”

நஷ்டம் சார் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அழைப்பு மணி அடித்தது. அதே தம்பதி. சமையலறை கிடந்த கோலத்தைப் பார்த்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “இது மாதிரி பண்ணித் தர வேணாம்னு தோணுதுங்க. எங்களுக்கு இந்த வீட்டையே குடுத்துடுவீங்களா? கேக்கற விலை குடுக்கறோம்.”

மச்சினன் அக்காவைப் பார்த்தான். பிளம்பர்கூடச் சுத்தியலை நிறுத்தினார். வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “அவரைக் கேளுங்க” என்றுவிட்டார்.

நஷ்டம் சார் அந்தத் தம்பதியை ஹாலுக்கு அழைத்துப் போனார்.

“இந்த மேசைக்கு வயசு ரெண்டு மாசம். இந்த ஓட்டையெல்லாம் வண்டு போட்டதில்ல, நான் இடம் காட்டி டிரில்லால போட்டது. அந்தச் செங்கல் பெயின்ட், உள்ள இருக்கறது சிமென்ட் பிளாக். ஜாடியில இருக்கற விரிசல் பேனாவால இழுத்தது. மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். மேல் வீட்டுக்காரர் விடியறதுக்கு முன்னாடி நாற்காலியை இழுப்பார். இந்த வீட்டுல நெஜம்னா அந்த ஈரம் ஒண்ணுதான். அதுவும் இன்னிக்கு அடைபட்டுடும்.”

“இருந்தாலும் பரவாயில்லைன்னா?” என்றான் அந்த ஆள்.

“பரவாயில்லைன்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல.”

அவர்கள் வாசலுக்குத் திரும்பினார்கள். போகும்போது அந்தப் பெண் மச்சினனிடம் மெதுவாக, “எங்களுக்கும் இதே மேசை பண்ணிடுங்க. ஓட்டை மட்டும் அவரையே வந்து போடச் சொல்லுங்க” என்றாள். மச்சினனுக்குப் போன உயிர் வந்தது.

கதவைச் சாத்திவிட்டு நஷ்டம் சார் சமையலறை வாசலில் வந்து நின்றார். வீட்டம்மா சிமென்ட் கட்டிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“நான் சரின்னு சொல்லியிருந்தா?”

“சொல்லியிருந்தா?”

“வித்திருப்பியா?”

“நீங்க பாக்காத கேஸா? கண்டுபிடிங்க.”

அன்றிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் வீட்டம்மா வாசல் கதவுக்குப் புதிதாக ஒரு நல்ல பூட்டு வாங்கி மாட்டினார். பூட்டு வாங்குகிறவள் வீட்டை விற்கமாட்டாள் என்று நஷ்டம் சார் ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தார். மறுநாள் பல் துலக்கும்போதுதான், நல்ல பூட்டுள்ள வீடு சீக்கிரம் விலைபோகுமே என்று தோன்றியது.