காய்க்கிற மரம்தான் வேண்டும்

அந்த முதல் ஆலிவ் காயின் கசப்பு இன்னும் என் அடிநாக்கில் இருக்கிறது. சன்னிவேலில் அண்ணன் வீட்டில் நான் தங்கியிருந்த காலம் அது. வாசலில் நின்ற ஆலிவ் மரத்திலிருந்து பச்சைக் காய்களைப் பறித்து, மாவடு போடுவதைப் போலவே உப்பு, மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, விளக்கெண்ணெய் எல்லாம் சேர்த்து அண்ணி ஒரு ஜாடி நிறையப் போட்டிருந்தார். ஊறினால் வடு மாதிரியே சுருங்கிச் சுவையேறிவிடும் என்பது கணக்கு. ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுபோகிற கோயில் பாட்லக்கில் தயிர் சாதத்தோடு அதைக் கடித்தவர்கள் எல்லோரும் பேப்பர் நாப்கினைத் தேடினார்கள். ஓர் ஆன்ட்டி, "ஏம்மா, காஸ்ட்கோல பாட்டில் பாட்டிலா கிடைக்குதே, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். அண்ணி அசரவில்லை. வீட்டுக்கு வந்து ஜாடியைக் கொட்டிக் கழுவிக்கொண்டே, "மாங்காய்னு நெனச்சது எந் தப்புங்க தம்பி. மரத்து மேல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

அண்ணி கோவையில் விவசாயம் படித்தவர். அண்ணனின் விசாவை ஒட்டி வந்ததால், இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. கிரீன் கார்டு வரிசையோ நகர்வதாகவே இல்லை. "ஹவுஸ் வைஃபா?" என்று யாராவது கேட்டால், "இல்லீங்க, வேலை செய்ய விடாம வெச்சிருக்காங்க" என்று திருத்துவார். கேட்டவர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும். அந்தப் பிடிவாதம் முழுவதும் மரத்தின் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு காயையும் கீறித் தண்ணீரில் போட்டு, கசப்பு இறங்கும்வரை தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், உப்பும் காரமும் அதற்குப் பிறகுதான் என்று தேடித் தெரிந்துகொண்டார். ஊறுகாய், எண்ணெய் இரண்டுக்குமே ஆகிற ரகம் அது என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தார். பச்சையில் பறித்தால் ஊறுகாய், கறுக்கவிட்டால் எண்ணெய்.

அதற்குள், வாசல் மரம்வரை விதி போடுகிற குடியிருப்போர் சங்கம் குறுக்கே வந்தது. பழம் விழுந்து நடைபாதை கறையாகிறது, மரத்தை வெட்டிவிட்டு நர்சரியில் கிடைக்கும் காய்க்காத ஆலிவ் ரகத்தை வையுங்கள், பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். அண்ணன் உடனே பணிந்துவிட்டார். "கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. இந்த நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார். இங்கே நம்மவர்கள் பக்கத்து வீட்டு நாய் குரைத்தால்கூட இதைத்தான் சொல்வார்கள்.

அண்ணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மரத்த வெட்டலைன்னா நாடு கடத்திருவாங்களா? சும்மா அழகுக்கு நிக்கறதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தி பத்தாதுங்களா?"

சங்கக் கூட்டத்துக்கு அண்ணி தனியாகவே போனார். ஒரு பழம்கூட நடைபாதையில் விழாது, விழுந்தால் நீங்களே வந்து வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு பருவம் மட்டும் தவணை கிடைத்தது.

மரத்தை அவர் இரண்டாகப் பங்கு போட்டார். நடைபாதைப் பக்கம் சாய்ந்த கிளைகளில் ஒன்று விடாமல் பச்சையிலேயே பறித்து ஊறுகாய்க்கு எடுத்தார். வீட்டுப் பக்கக் காய்களை எண்ணெய்க்காகக் கறுக்கவிட்டு, அடியில் பழைய காட்டன் புடவைகளை விரித்து வைத்தார். நவம்பரில் காற்றும் மழையும் வருகிறது என்று போன் எச்சரித்தது. காற்றடித்தால் பழுத்ததெல்லாம் உருண்டு நடைபாதைக்குத்தான் போகும். நான் ஏணியைப் பிடிக்க, அண்ணி காலையிலிருந்து பறித்தார். உள்ளே மீட்டிங்கில் இருந்த அண்ணன் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, மறுபக்கம் பறிக்க ஆரம்பித்தார். முதல் தூறல் விழுந்தபோது மரத்தில் இலை மட்டும்தான் இருந்தது. சின்னத் தோட்டக்காரர்களின் பழத்தை மொத்தமாகச் சேர்த்து ஆட்டித் தருகிற ஆலை ஒன்றுக்கு டிரைவ் பண்ணிப் போனோம். எங்கள் பங்குக்குக் கிடைத்தது இரண்டே பாட்டில். அண்ணி அவற்றை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மழை விட்டதும் சங்கத்தின் தலைவி வந்து நடைபாதையைப் பார்த்தார். மரம் இருக்கட்டும் என்றார். கூடவே, பூக்கும்போது மருந்து தெளித்தால் காயே பிடிக்காது, செலவைச் சங்கமே பார்த்துக்கொள்ளும், உங்களுக்கும் சிரமமில்லை என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணி ஆங்கிலத்தில் சொன்ன பதில் எனக்கு மறக்காது. "வேண்டாம். இந்த வீட்டில் அதற்காவது தடை இல்லாமல் இருக்கட்டும்."

இப்போது அண்ணிக்கு வேலை அனுமதி வந்துவிட்டது. ஒரு விதை நிறுவனத்தில் இருக்கிறார். சேர்ந்த வருஷமே காய் பறிக்க லீவு கேட்டிருக்கிறார். புது ஆள் இப்போதே லீவா என்று மேனேஜர் இழுத்தாராம்.

"இங்க சேர்றதுக்கு முன்னாடியே நான் ஒரு வேலைல இருக்கேன். அத விட முடியாதுன்னு சொல்லிட்டனுங்க தம்பி" என்றார் அண்ணி.