வெங்காயத் தோலுக்குள்ளே

பொந்தியான் கடலோரத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் அப்போது நாங்கள் கூலி வேலையில் இருந்தோம். ஒருமுறை கடல் பொங்கிக் கரை உடைந்ததில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் என் மனைவி போட்டிருந்த வெற்றிலைக் கொடிக்காலில் உப்புத் தண்ணீர் புகுந்து நின்றது. வாய்க்கால் வெட்டி வடிய விடலாமா என்று கேட்டேன்.

"தென்னங்குழியிலயே உப்புப் போட்டுத்தானே நடுறோம்? உப்பு உரந்தானே, நிக்கட்டும்" என்றாள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

சில நாளில் கொடிகள் துவண்டு தொங்கின. காலடியில் தண்ணீர், இலையிலோ ஈரமே இல்லை. குளிர்காய்ச்சலில் மெலிந்திருந்த அவளுக்கு அந்த வெற்றிலைதான் பிழைப்பு. அது போனால் மறுபடி புல்வெட்டுக்குப் போக வேண்டும், உடம்பு தாங்காது.

அவள் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசரிடம் அவளே ஆரம்பித்தாள். நான் வழக்கம்போலக் கதவோரம் நின்றேன்.

"வெத்தலக் கொடியில கடல் தண்ணி புகுந்துடுச்சு, தண்ணியில நின்னுக்கிட்டே தாகத்துல சாவுதுங்கய்யா. பிடுங்கிப் போட்டுடவா?"

டிரெசர் சிரித்தார். சமையற்கட்டிலிருந்து ஒரு சின்ன வெங்காயம் வரவழைத்து, அதன் காய்ந்த தோலை நீக்கி, உள்ளே சதைமேல் இருந்த சிவந்த மெல்லிய சவ்வை உரித்து, காய்ச்சல் ரத்தம் பார்க்கும் பூதக்கண்ணாடிக் குழாய்க்கு அடியில் வைத்தார். "நீங்களும் வந்து பாருங்க லா, கண்ணு ஒண்ணும் தேஞ்சிடாது" என்று என்னைக் கூப்பிட்டார்.

குனிந்தேன். செங்கல் அடுக்கியது போல் அறை அறையாக இருந்தது. ஒவ்வோர் அறையிலும் சுவரை ஒட்டி நிறைந்திருந்தது சிவப்பு. அவர் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டார். சிவப்பு மெல்லச் சுவரை விட்டுச் சுருங்கி, நடுவில் உருண்டையாக ஒடுங்கியது.

"அந்தச் சிவப்பைச் சுத்தி ஒரு தோல் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. தண்ணிய விடும், உப்ப லேசில விடாது. வெளிய உப்பு கூடுனா உள்ள இருக்கிற தண்ணி வெளிய ஓடிடும். உங்க வெத்தல வேருலயும் இதேதான் நடக்குது."

"செத்துப்போச்சா?" என்றேன். அங்கே நான் வாய் திறந்தது அப்போதுதான்.

அவர் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டார். ஒடுங்கிய சிவப்பு ஊறி ஊறிப் பெருத்து மறுபடி சுவரைத் தொட்டது. எல்லா அறையிலும் அல்ல. சிலவற்றில் அப்படியே கிடந்தது. எத்தனை வெங்காயம் நறுக்கித் தின்றிருப்பேன்! அதற்குள் இப்படி ஒரு காவல் இருப்பதை நினைத்ததே இல்லை.

"என்னய்யா, உள்ள வாயாங் கூத்து ஓடுதா? எங்களுக்கும் காய்ச்சல்தான்!" என்று பின்னால் மருந்துக்குக் காத்து நின்ற ஒருவர் கத்தினார். கண்ணை எடுக்க மனமே வரவில்லை.

"அப்போ பிடுங்க வேணாம்" என்றாள் மனைவி.

அன்றே உப்புத் தண்ணீரை வடித்தோம். குடிக்கப் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை அவள் குடம் குடமாக வேரில் ஊற்றினாள். பாதிக் கொடிகள் கருகின. மீதி ஒரு காலையில் நிமிர்ந்து நின்றன. புல்வெட்டுக்கு அவள் போகவேண்டி வரவில்லை.

புதுத் தளிர் ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அறையும் தெரியவில்லை, தோலும் தெரியவில்லை. வெறும் பச்சை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.