எலியாஸ் மேல் விழுந்த மண்

போன வாரம் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு ஜெபக் கூட்டம். பந்தலுக்குள்ளே போக எனக்கு விருப்பமில்லை. வெளியே வரிசையாகப் போட்டிருந்த கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். பைபிள் உறை, வசனம் எழுதிய கடிகாரம், யோர்தான் தண்ணீர் என்று ஒட்டுச்சீட்டு ஒட்டிய குப்பி, கார் கண்ணாடியில் ஒட்டுகிற ஆறுமுனை நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டு கிடந்தன ஆட்டுக்கொம்பு எக்காளங்கள்.

"ஊதிப் பாருங்க அண்ணாச்சி, யூதங்க ஊதுததுதான்" என்றான் கடைக்காரப் பையன்.

ஊதினேன். காற்றும் எச்சிலும் வந்ததே தவிர சத்தம் வரவில்லை. பல் செட்டைக் கழற்றிவிட்டு ஊதியிருக்க வேண்டும் போலிருக்கிறது. கொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது கையில் மெஷின் ஆயில் வாடை. பளபளப்புக்காகத் தடவியிருக்கிறான். அந்த வாடைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"யூதர் யாரையாவது நேர்ல பாத்திருக்கியா தம்பி?"

"யூடியூப்ல பாத்திருக்கேன்."

"இந்தத் தூத்துக்குடியிலயே ஒருத்தர் இருந்தாரு."

"இங்கனயா? சும்மா சொல்லாதிய" என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டான்.

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படக் கூடாதென்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரையையும் மீறி வந்தது. பையன் மேல் இல்லை, பாவம், அவன் பிழைப்பு அது. எவர் மேல் என்று சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் கிளார்க். புதுத் துறைமுகத்துக்கு அப்போது ஆழம் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். தூர்வாரும் கப்பலில் இன்ஜின் ஃபோர்மேனாகக் கொச்சியிலிருந்து வந்தவர் எலியாஸ். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகாதவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் சட்டையில் மெஷின் ஆயில் வாடை போகாது. செசிலியக்கா வீட்டு மாடியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருவரும் வாடகைக்கு இருந்தோம், சாப்பாடும் அங்கேயேதான்.

செசிலியக்கா கத்தோலிக்கர், தோணிக்காரரின் விதவை. புருஷன் கொழும்புக்குப் போன தோணியோடு போனவர், திரும்பவில்லை. ஐம்பதைத் தொட்ட பெண், வாய் மட்டும் பெரிய வாய். எலியாஸ் வந்த அன்றே வாசலில் வைத்து விசாரித்தார்.

"எந்தக் கோயிலு? நம்ம கோயிலா, சி.எஸ்.ஐ.யா?"

"ரெண்டும் இல்ல அக்கா. நான் யூதன்."

அதற்கு மேல் அக்கா கேட்ட ஒரே கேள்வி, "என்ன சாப்பிடுவிய, என்ன சாப்பிட மாட்டிய?" என்பதுதான். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அவரிடம் ஒழுங்கான கேள்வி கேட்டவர் அக்கா ஒருவர்தான்.

செதிலும் சிறகும் உள்ள மீன் மட்டும் என்றார் எலியாஸ். நண்டும் இறாலும் கணவாயும் மணக்கிற தெருவில் இது சின்ன விஷயமில்லை. அக்கா அவருக்கென்று புதுச் சட்டி வாங்கினார். கடற்கரையில் விளமீனைத் தூக்கிப் பிடித்து, செதில் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்து ஏலம் கேட்பார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்னால் எலியாஸ் தன் அறையில் விளக்கேற்றுவார். அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வரை அவர் கை எந்த வேலையையும் தொடாது. மெஷின் தெரிந்த ஆள் என்று தெருவே தையல் மெஷினையும் பம்பையும் தூக்கிக்கொண்டு வரும். அக்கா வாசலிலேயே மறித்துவிடுவார். "இன்னைக்கு அவருக்குச் சாமி நாளு. நாளைக்கழிச்சு வா." ஏன், எதற்கு என்று அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. சாமி நாள் என்றால் சாமி நாள்.

சனிக்கிழமை லீவுக்கு ஈடாக எலியாஸ் ஞாயிற்றுக்கிழமை டூட்டியைத் தானே எடுத்துக்கொண்டார். கப்பலில் வேலை பார்த்த ஃபிட்டர்கள் எல்லாரும் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக் கத்தோலிக்கர்கள். அவர்கள் நிம்மதியாகப் பூசைக்குப் போனார்கள், ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள், எல்லாம் இவர் ஞாயிற்றுக்கிழமை கிரீஸில் கிடந்ததால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவில்லை.

அவருடைய அண்ணன் தம்பிகள், ஒன்றுவிட்டவர்கள் எல்லாரும் கொச்சியை விட்டு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இவரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் அசையவில்லை. ஏன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"எத்தன தலைமுறையா இந்தக் கரையில இருக்கோம். இங்க ஒருத்தன் எங்க மேல கை வச்சதில்ல, தெரியுமோ? உலகத்துல வேற எங்க உண்டு இது? அத விட்டுட்டு எதுக்குப் போகணும்?" என்றார். அக்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து, "அப்படிச் சொல்லுங்க. கொச்சியில ஒரு பொண்ணு மிச்சம் இல்லாமலா போயிரும்? முடிச்சு இங்கன கூட்டிட்டு வாங்க, கீழ் அறைய ஒழிச்சுத் தாரேன்" என்றார். அந்த வருடம் முழுக்க அக்காவுக்கு அந்தக் கல்யாணக் கனவுதான்.

எங்கள் ஆட்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். நான் இந்த ஜில்லா நாசரேத் பக்கத்துக்காரன், சி.எஸ்.ஐ.; படித்த கிறிஸ்தவர்கள் என்று எங்களுக்கு ஒரு நெஞ்சு நிமிர்வு உண்டு. செய்தி கேட்டு எங்கள் சபையிலிருந்து மூன்று பேர் வெள்ளை வேட்டியும் கறுப்புப் பைபிளுமாக மாடியேறினார்கள். ஆபிரகாமின் வித்து என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எபிரெய மொழியில் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார்கள். ஒருவர் அழுதுவிட்டார். அழுத ஈரம் காய்வதற்குள், "எப்ப மனந்திரும்பப் போறிய?" என்றார். எலியாஸ் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவர்கள் போனதும் என்னிடம் கேட்டார்: "இவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?" ஊருக்கு வந்தவரைக் காட்சிப் பொருளாக்கிப் பார்த்துவிட்டு, போகிறபோது நீ குறையுள்ளவன் என்று சொல்லிவிட்டுப் போவதற்கு அன்பு என்று பேர் வைத்திருந்தோம். இப்போதும் அந்தப் பேர்தான்.

இனிக் குப்பத்துக்கு வருகிறேன். பேர் சொல்ல மாட்டேன், அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அது செசிலியக்காவின் பிறந்த ஊர். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அங்கே பாஸ்கா போடுவார்கள். ஆண்டவரின் பாடுகளைப் பாட்டும் வசனமுமாக நடிக்கிற நாடகம். மணல்வெளியில் தென்னந்தட்டி மேடை, பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒப்பாரிப் பாட்டு. ஊரே அழும். இதில் யூதர்களாக வருகிறவர்களுக்குப் பொய்த் தாடியும் மெழுகு மூக்கும் வைப்பார்கள். அவர்கள் "சிலுவையில் அறையும்" என்று கத்துகிற இடம் வந்ததும் கீழே உட்கார்ந்திருக்கிற சனம் கைநிறைய மணலை அள்ளி அவர்கள் மேல் எறியும். அது வழக்கம். யாரும் யாரையும் தடுத்ததில்லை. பிள்ளைகள் அதற்காகவே முன்னால் போய் இடம் பிடிக்கும்.

அந்த நாடகத்தைப் பழக்கியவர் மிக்கேல் அண்ணாவியார். அக்காவுக்குத் தம்பி முறை. நல்ல குரல், நல்ல மனிதர், அதுதான் எரிச்சல். கெட்ட மனிதராக இருந்திருந்தால் அன்றைக்கே திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்தத் தபசில் ஒரு நாள் சாயங்காலம், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு மாடிக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஐயா, கைப்பாஸ் வேஷம் ஒங்களுக்குத்தான்னு ஊர்க் கமிட்டியில முடிவாயிட்டு. பெரிய குரு, யூதருக்கெல்லாம் தலைவரு. இத்தன வருசமா ஒட்டுத் தாடி வச்சே ஓட்டிட்டோம். இந்த வருசம் சர்வேசுரன் நிஜ யூதரையே அனுப்பியிருக்காரு."

கேலியில்லை, நண்பரே. மரியாதை செய்வதாகவே அவர் நினைத்திருந்தார். ஊரிலேயே பெரிய வேஷத்தை வெளியூர்க்காரருக்கு விட்டுக்கொடுக்கக் கமிட்டியில் சண்டை போட்டு வாங்கி வந்திருந்தார்.

எலியாஸ் மெதுவாகக் கேட்டார். "நான் எந்து செய்யணும் அதுல?"

அண்ணாவியார் பாடியே காட்டினார். அங்கியைக் கிழிக்க வேண்டும், சாகத்தக்கவன் என்று கத்த வேண்டும். "அப்பறம் சனங்க மண்ணள்ளி எறியும். பயப்படாதிய, வெளையாட்டுக்குத்தான்."

"எனக்குப் பாட்டு வராது அண்ணாவியாரே" என்றார் எலியாஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தட்டை மட்டும் தொடவில்லை.

கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டுப் படியேறி வந்தார்.

"ஏலே மிக்கேலு, ஒனக்கு அறிவு இருக்கா? மாதாவுக்கு வருசா வருசம் சப்பரம் தூக்குதியே, மாதா எந்த ஊர்க்காரின்னு நெனச்ச? மணப்பாட்டுக்காரியா? அவ இவரு சனம்லே. ஆண்டவரும் இவரு சனம். என் வீட்டுல சாப்பிடுத மனுசனை மண்ணு வாங்கக் கூப்பிடுதியா நீ?"

அண்ணாவியாருக்கு என்ன தப்பு என்று விளங்கவேயில்லை. "நல்லதுக்குத்தானக்கா வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து எலியாஸுக்கு மனசு இளகிவிட்டது. வேஷம் வேண்டாம், பார்க்க வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அண்ணாவியார் போன பிறகு அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், போக வேண்டாம் என்று. "கூப்பிட்டவங்க வீட்டுக்குப் போகாம இருந்தா மோசம் அக்கா" என்றுவிட்டார்.

பெரிய வாரத்துப் புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் மூவரும் போனோம். முன்வரிசையில் எலியாஸுக்கு நாற்காலி போட்டார்கள், இளநீர் கொடுத்தார்கள். மற்ற எல்லாரும் மணலில். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. எலியாஸ் கையால் தாளம்கூடப் போட்டார். மேடையில் பொய்த் தாடிகள் கத்தத் தொடங்கின. மண் பறந்தது. சிரிப்பும் கூச்சலும். அப்போது பின்னாலிருந்து ஒரு பிடி மண் எலியாஸின் தலையில் வந்து விழுந்தது. எறிந்தவனைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய கப்பலிலேயே ஃபிட்டர். போன மாதம்தான் அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அன்றைக்கு அவன் டூட்டியையும் சேர்த்துப் பார்த்தவர் எலியாஸ். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பகையில்லை அந்த முகத்தில். ஃபோர்மேனிடம் ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். ஒருவன் எறிந்ததைப் பார்த்துப் பிள்ளைகளும் திரும்பிக்கொண்டார்கள். நிஜ யூதர் இங்கேயே இருக்கும்போது மேடைக்கு எதற்கு எறிய வேண்டும்? தலை, கழுத்து, சட்டைக்குள், வாயில் என்று மண்.

செசிலியக்கா எழுந்து போய் நாற்காலிக்குப் பின்னால் சனத்தைப் பார்த்து நின்றார். பெரிய வாயை முதல்முறையாக மூடிக்கொண்டிருந்தார். முக்காட்டிலும் முகத்திலும் மண் விழுந்தது. பிறந்த ஊர்ப் பெண் மேல் மண் விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் கை ஓய்ந்தது. கவனியுங்கள், அவர் மேல் விழுந்த பிறகுதான்.

எலியாஸ் எழுந்து போகவில்லை. கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தார். அண்ணாவியார் ஓடி வந்து துண்டால் தட்டிவிட்டு, "சின்னப் பிள்ளைய, தெரியாமச் செஞ்சிட்டு" என்றார். சின்னப் பிள்ளைகள் எங்கேயிருந்து படித்தார்களாம்? மறுநாள் ஃபிட்டர்கள் பெரிய விளமீனாகப் பார்த்து இரண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். செதிலெல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனிதர் என்ன சாப்பிடுவார் என்பது வரை தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் எறிந்தார்கள்.

எலியாஸ் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போனார். அது ஈஸ்டர் ஞாயிறு. சில நாள் கழித்துச் சாப்பிடும்போது, "அண்ணனுக்கு வாறேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"மண்ணுக்காகவா?" என்றார் அக்கா.

"மண்ணு தட்டினாப் போயிடும் அக்கா. இங்க ஒருத்தன் தொட்டதில்லன்னு அண்ணன்கிட்ட சொல்லிச் சொல்லித்தான் இருந்தேன். இனி அத எப்படிச் சொல்ல?"

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் எலியாஸ் போனார். ஸ்டேஷனுக்கு அண்ணாவியாரும் வந்திருந்தார். கண் கலங்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

அடுத்த தபசில் அவர் மறுபடியும் மாடிப்படி வரை வந்தார். "அக்கா, கமிட்டியில பேசி முடிச்சிட்டேன். இந்த வருசத்துலயிருந்து மண் எறியக் கூடாது. மெழுகு மூக்கும் கிடையாது."

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "யாருகிட்டலே சொல்லுத? அவருகிட்டப் போய்ச் சொல்லு."

எலியாஸிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு வாழ்த்து அட்டைகளும் நின்றுபோயின. அக்கா போய்ச் சேர்ந்தார், அந்த வீட்டை இடித்துக் கண்டெய்னர் கம்பெனி ஆபீஸ் கட்டிவிட்டார்கள். அண்ணாவியாரும் இல்லை, அந்தப் பாட்டுக்காரர்களும் இல்லை. பாஸ்காவைப் பெரிய திரையில் படமாகப் போடுகிறார்கள். இன்றைக்கு ஊரில் யூதருக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இஸ்ரேலுக்குச் சுற்றுலாவாகப் போய் அங்கே யூதர்கள் ஜெபிக்கிற சுவரைத் தொட்டு அழுதுவிட்டு வருகிறார்கள், கேட்டால் யூதர்கள் என்றால் எங்களுக்கு உயிர் என்கிறார்கள். நம் தெருவிலேயே, நம்மோடு சாப்பிட்டுக்கொண்டு, நம்மை நம்பி ஒருவர் இருந்தார். அவரை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை நமக்கு.