சாப்பிட்டியா என்றுதான் கேட்டார்

மூணு வருஷமாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் நானும் என் கணவரும் வாய்தாவுக்கு வாய்தா எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வழக்கை விடவும் முடியவில்லை, முடிக்கவும் முடியவில்லை. கடைசியில், "அடுத்த தடவை குழந்தையைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசணும்" என்றார் நீதிபதி மேடம்.

அன்று கொரட்டூரில் ரயில் ஏறியதிலிருந்து என் ஏழு வயது மகளுக்கு ஒரே பாடம்தான்.

"மேடம் கேட்டா என்ன சொல்லணும்?"

"அம்மாகூடத்தான் இருப்பேன்."

"சத்தமா சொல்லு."

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. பெற்றவள் நான், வேறு யார் சொல்லிக் கொடுப்பது?

நீதிபதியின் அறையில் நானும் கணவரும் சுவரோரம் நின்றோம். மேடம் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

"அம்மாகூடத்தான் இருப்பேன் மேடம்."

அவர் சிரிக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவளுக்காகக் கட்டிய இட்லி டப்பா என் பையில் திறக்காமலே இருந்தது.

"நீ சாப்பிட்டியான்னுதான்டா கேட்டேன்" என்றார் மறுபடியும். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. அவள் என்னோடுதான் இருக்கிறாள். இன்றைக்கும் இட்லியா தோசையா என்று கேட்டால்கூட, முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.