கவலைக்கு நான் சொன்ன ஆங்கிலம்

இன்றைக்குத் தர்மபுரத்தில் ஒரு மருத்துவ முகாம்.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான். (ஆங்கில ரீச்சர் என்றால் ஊரில் இதுவும் நம் வேலைதான்.)

வயல் செய்கிற ஒரு அக்கா வந்து கதிரையில் அமர்ந்தார்.

"என்ன செய்யுது அக்கா?"

"கவலைதான் தங்கச்சி."

யோசிக்காமல் 'டிப்ரெஸ்ட்' என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன். வகுப்பில் கவலைக்கு நாள் முழுக்க 'சாட்' (sad) என்றே எழுதுகிறவளுக்கு, டொக்டர் முன்னால் கொஞ்சம் பெரிய சொல்லாகச் சொல்ல ஆசை.

டொக்டர் ஒரு கேள்வித்தாளை எடுத்தார். நான் தமிழில் கேட்டேன்.

"கலியாணவீடு, திருவிழா எண்டு வெளியில போறனீங்களோ?"

"இல்லை."

"முந்திச் சந்தோசமாச் செய்தது ஏதும் விட்டுட்டியளோ?"

"ஓம். இந்தமுறை பொங்கேல்ல. பலகாரமும் சுடேல்ல."

"அழுறனீங்களோ?"

"ஓம். விளக்கு வைக்கிற நேரம்."

ஒவ்வொரு பதிலுக்கும் தாளில் ஒரு புள்ளடி விழுந்தது. டொக்டர் குளிசை எழுதப் பேனையை எடுத்தார்.

அக்கா பயந்துவிட்டார்.

"குளிசை போட்டு நான் படுத்தா வயலுக்கு ஆர் தண்ணி கட்டுறது? பிள்ளையளுக்கு இப்ப நான் மட்டும்தானே."

"வீட்டுக்கார அண்ணை எங்க?"

"மோசம் போய் எட்டு மாசம். ஆட்டைத்திவசம் முடியாமல் எப்பிடிப் பொங்குறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆண்டுத் திவசம் முடியும்வரை சாவு வீட்டில் பொங்கல் இல்லை, கலியாணவீட்டுக்குப் போவதும் இல்லை. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம். அது தாளில் நோயாக ஏறியது என் வாயால்.

டொக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னது வைத்தியம் வேண்டிய நோயின் பெயர், இவருடையது 'கிறீஃப்', ஆளை இழந்த துயரம், எங்கள் வாயில் இரண்டும் கவலைதான் என்றேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். சாப்பாடு, நித்திரை, சாகிற எண்ணம்.

"சாப்பிடுறன், படுக்கிறன், வயலுக்குப் போறன். சாகிற எண்ணமெல்லாம் இல்லை. அவற்ர கதை கதைக்கத்தான் ஆளில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையோட சனம் வாறது நிண்டிட்டுது."

குளிசை எழுதவில்லை. "அவரைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார் டொக்டர். அக்கா சொன்னார். வரிசை காத்திருந்தது.

எழும்பும்போது அக்கா கேட்டார்.

"ஆட்டைத்திவசத்துக்கு ரெண்டு பேரும் வருவியளோ?"

மொழிபெயர்த்தேன். டொக்டர் திகதியைக் கேட்டு, அந்தக் கேள்வித்தாளின் பின்பக்கத்திலேயே எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.