டீக்கடைக் கிளாஸில் கலங்கிய தண்ணீர்

அறுபதுகளின் கடைசி. ஆட்சி மாறியிருந்த புதிது. மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் கூலித் தகராறு முற்றியிருந்தது. அரைப்படி நெல் கூட்டிக் கேட்டோம், மிராசுதார் மறுத்தார். நாங்கள் நடவுக்கு இறங்கவில்லை. அவர் வெளியூர் ஆட்களைப் பிடித்து வருவதற்குள் நாற்று முற்றி முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. வந்தவர்கள் நாற்றின் தலையைக் கிள்ளிவிட்டு நட்டுப் போனார்கள். வரப்பில் நின்று பார்த்த எங்களுக்கு வயிறு எரிந்தது. அதை இப்போது மறைத்து என்ன பயன்?

ஐப்பசி மழை காற்றோடு அடித்து ஓய்ந்தபின் அந்த வயல் கருகத் தொடங்கியது. இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகி, பிறகு வைக்கோலாக வெளுத்தன. "வயித்தெரிச்சல்ல மருந்தடிச்சுக் கருக்கிட்டானுங்க" என்று பேச்சு கிளம்பியது. யார் அடித்தது என்பதற்கும் பதில் தயாராக இருந்தது. நான்தான்.

என் தாய்மாமனின் குத்தகை வயலில் பூச்சி விழுந்திருந்தது. பக்கத்து ஊரில் மருந்தடிக்கும் பம்பை இரவல் வாங்கி, முதுகில் மாட்டிக்கொண்டு மிராசுதாரின் வரப்பு வழியாகக் குறுக்கே வந்திருந்தேன். அதை அவருடைய வயலை மேற்பார்க்கும் காரியக்காரர் பார்த்துவிட்டார். கூலியாட்கள் சங்கத்தில் கொஞ்சம் வாய் நீளமானவன் என்ற பெயரும் எனக்கு உண்டு. போதாதா?

ஒரு நாள் காலை போலீஸ் ஜீப் களத்துமேட்டில் வந்து நின்றது. சட்டையைப் பிடித்து இழுத்துப் போய் என்னைத் தரையில் உட்கார வைத்தார்கள். அந்த நாட்களில் எங்கள் தெரு ஆள் ஒருவன் ஜீப்பில் ஏறினால் எந்தக் கோலத்தில் திரும்புவான் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மனைவிக்கு நிறைமாதம். அவள் ஓடிவந்து ஜீப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "என்மேல ஏத்திட்டுப் போங்கய்யா" என்றாள். ஒரு பக்கம் எங்கள் ஆட்கள் அரிவாளோடு கூடினார்கள். மறுபக்கம் மிராசுதாரின் ஆட்கள் தடியோடு. யாராவது ஒரு கல்லை எறிந்திருந்தால் அன்றைக்குப் பிணம் விழுந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து விவசாய ஆபீசர் சைக்கிளில் வந்து இறங்கினார். மருந்தடித்ததற்குச் சாட்சி சொல்வார் என்று மிராசுதாரே வரச் சொன்ன ஆள். எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அவரோ யாரையும் பார்க்காமல் வயலில் இறங்கி இலைகளைப் புரட்டினார். நடும்போது தலையைக் கிள்ளினார்களா என்று காரியக்காரரிடம் கேட்டார். அவர் ஆமாம் என்றதும், "கண்ணாடி கிளாஸ் ரெண்டுல நல்ல தண்ணி கொண்டாங்க" என்றார்.

மிராசுதார் வீட்டில் எல்லாம் பித்தளையும் எவர்சில்வரும்தான். ஊரில் கண்ணாடி கிளாஸ் இருந்த ஒரே இடம் டீக்கடை. அவையும் எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாக வெளியே கவிழ்த்து வைத்திருந்தவை; மற்றவர்களுக்கு உள்ளே பித்தளை டம்ளர். கடைக்காரர் தயங்கித் தயங்கி அவற்றில் இரண்டைக் கொண்டுவந்தார்.

பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை பிளேடால் நறுக்கி ஒரு கிளாஸில் போட்டார் ஆபீசர். தண்ணீர் அப்படியே இருந்தது. "இதென்ன சார் வித்தை?" என்று இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். நான் கண்ணை இமைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நறுக்கிய ஓரத்திலிருந்து ஊதுவத்திப் புகை மாதிரி ஒரு வெள்ளை இழை மெதுவாகக் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கியது.

"எந்த எலையைப் போட்டாலும் இப்படித்தான் வரும்" என்றார் இன்ஸ்பெக்டர். ஆபீசர் நல்ல இலை ஒன்றைப் பறித்து, தீக்குச்சியால் கருக்கி, அதையும் நறுக்கி இரண்டாவது கிளாஸில் போட்டார். எவ்வளவு நேரம் பார்த்தும் அந்தத் தண்ணீர் கலங்கவே இல்லை.

"மருந்துல கருகுனதா இருந்தா இப்படிக் கசியாது. இது பாக்டீரியா, கண்ணுக்குத் தெரியாத கிருமி. மனுஷனுக்கு காலரா, மாட்டுக்கு அடைப்பான் வர்ற மாதிரி நெல்லுக்கு இது. கிள்ளுன காயத்து வழியா உள்ள போயிருக்கு, மழையும் காத்தும் பரப்பிடுச்சு. இந்தப் பையன் ஒண்ணும் பண்ணலை" என்றார். தண்ணீரை வடிக்கவும், யூரியா போடாமல் இருக்கவும் சொன்னார்.

மிராசுதார் குனிந்து, நாங்கள் வாய் வைத்துக் குடிக்கும் அந்தக் கிளாஸைத் தன் கையாலேயே எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "அவனை விடுங்க" என்றார்.

என் மனைவியைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஆபீசரின் சைக்கிள் வாய்க்கால் மதகைத் தாண்டிவிட்டிருந்தது. அழைத்தவருக்குப் பிடித்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். தட்டிக் கேட்க யாரும் இல்லை. அவருக்கு நன்றி சொல்ல எனக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். அந்த இரண்டு கிளாஸையும் கழுவி, பழையபடி வெளியே தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நான் அதில்தான் டீ குடித்தேன். கண்ணுக்குத் தெரியாத கிருமியைக் காட்டி என் உயிரைக் காப்பாற்றிய கிளாஸ், கண்ணெதிரே இருந்த இன்னொரு நோயை ஊருக்குக் காட்ட முடியாமல் போனதே என்று நினைக்கும்போது, இன்றைக்கும் நன்றியும் கோபமும் எனக்குச் சேர்ந்தே வருகின்றன.